சல்வதோரின் லாச்சி

“அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

ஸ்பெயினுக்குப் போகிறோம் என்று சொன்னபோது லண்டன் மனோர் பார்க்கில் எல்லோரும் கேட்ட முதற் கேள்வி இதுதான். ஜெர்மனிக்குப் போனால் தம்பி இருப்பான். பாரிசுக்குப் போனால் பெரியம்மாவின் மகள் இருப்பாள். கனடாவுக்குப் போனால் பாதி ஊரே இருக்கும். கலியாணம், சாமத்திய வீடு, செத்தவீடு, இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத்தான் எங்கள் ஆட்கள் விமானம் ஏறுவார்கள். ஒருவரும் இல்லாத ஊருக்குச் செலவழித்துப் போய், ஒருவரையும் பார்க்காமல், ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு வருவதென்றால் மூளை எங்கோ பிசகியிருக்க வேண்டும். இரண்டு வீடு தள்ளியிருந்த யோகம் அக்கா அதை ஒளிக்காமல் சொன்னார்.

“ஒருத்தரும் இல்லாத இடத்தில ஏதும் நடந்தா ஆரிட்டப் போவியள்?”

எனக்கு அது காதில் விழுந்ததோடு சரி. என் மனைவி ரஞ்சிக்கு நெஞ்சுக்குள் போய்விட்டது. பயணத்துக்கு முதல் நாள்வரை, பெட்டியில் அரிசி, மிளகாய்த்தூள், புட்டுமா என்று அடுக்கிக்கொண்டே, “ஓமப்பா, ஆரிட்டப் போறது?” என்று கேட்டபடி இருந்தாள்.

இந்த யோசனை எனக்கு வந்ததற்கு என் வேலைதான் காரணம். தொண்ணூறுகளின் முற்பகுதி. நான் ஒரு போட்டோ லாபில் வேலை செய்துகொண்டிருந்தேன். கோடை முடிந்ததும் லண்டன்காரர்களின் பிலிம் சுருள்கள் மூட்டையாக வரும். மற்றவர்களின் விடுமுறையைக் கழுவி, காயவைத்து, உறையில் போட்டு அனுப்புவது என் பாடு. எந்தச் சுருளை எடுத்தாலும் ஒரு படம் தவறாமல் இருக்கும்: பின்னால் நீலக் கடல், முன்னால் வாடகைக்கு எடுத்த சின்னக் கார், அதில் சாய்ந்தபடி தோலுரிந்த மூக்கோடு ஒரு மனிதர். அவர் முகத்தில் ஒரு கவலையும் இராது. எனக்கு அந்தப் படத்தில் ஆசை பிடித்துவிட்டது. கடலுக்காக அல்ல, கடல் நாங்கள் காணாததா. அந்த முகத்துக்காக. ரஞ்சியை அப்படி ஒரு முகத்தோடு ஒரு தடவையாவது படம் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் லண்டனுக்கு வந்த நாள் தொடக்கம் நான் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் யாரோ பின்னால் வருகிறார்களா என்று பார்ப்பதைப் போலத்தான் நின்றாள்.

விமான நிலையத்திலேயே கவலை தொடங்கியது. எனக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. ரஞ்சியிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். நீல அட்டை, மூலையில் இரண்டு கறுப்புக் கோடு. அதைக் காட்டினால்தான் அவள் லண்டனுக்குள் திரும்ப நுழைய முடியும். அது தொலைந்தால் எந்த நாட்டு வாசலில் போய் நிற்பது? அவள் அதை ஒரு துணிப்பைக்குள் வைத்து, பையைச் சட்டைக்குள்ளே கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். தாலிக்கொடியும் அதுவும் ஒன்றாகக் கிடந்தன.

மலகாவில் இறங்கியதும், கண்ணாடிக்குள் இருந்த அதிகாரி என்னுடையதைத் திறந்தும் பார்க்காமல் கையசைத்தான். ரஞ்சியின் நீலப் புத்தகத்தை மட்டும் முன்னும் பின்னும் திருப்பினான். பக்கத்துக் கண்ணாடிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் அந்தக் கறுப்புக் கோடுகளைத் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் முத்திரை விழுந்தது. ரஞ்சி புத்தகத்தை வாங்கிச் சட்டைக்குள் விட்டபிறகுதான் மூச்சு விட்டாள்.

“திரும்பிப் போவமே?” என்றாள். நாங்கள் இன்னும் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

நெர்ஹா என்ற அந்தக் கடற்கரை ஊர் மலகாவிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். வெள்ளை வீடுகள், பல்கனிகளில் செம்பருத்தி, தெருவுக்குத் தெரு எலுமிச்சை மரம். லாபில் நான் கழுவிய படங்கள் பொய் சொல்லவில்லை. மறுநாட் காலை, தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே கார் வாடகைக் கடை ஒன்றைக் கண்டுபிடித்தோம். கடை என்றால் ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் கார்களின் திறப்புகள் தொங்கும் பலகை. சொந்தக்காரர் சல்வதோர், ஐம்பது வயது மதிக்கலாம், தடித்த மீசை. ஆங்கிலம் பேசினார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன.

லைசன்சைப் பார்த்தார். கிரெடிட் கார்ட் கேட்டார். எங்களிடம் இல்லை. “அப்படியென்றால் ஒரு பாஸ்போர்ட்டை இங்கே விட வேண்டும். காரைத் தந்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்” என்றார். நான் என்னுடையதை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“கார் ஓட்டுகிறவர் தன்னுடையதை வைத்திருக்க வேண்டும். பொலிஸ் கேட்கும். உங்கள் மனைவியுடையதைத் தாருங்கள்.”

நான் ரஞ்சியின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலே அவள் முகம் எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ரஞ்சி என்னிடம் லண்டனுக்கு வந்தது ஏஜென்சிக்காரன் மூலம். எங்கள் ஆட்களை நாட்டுக்கு நாடு கடத்திவிட்ட தரகர்களுக்கு அதுதான் பெயர். நைரோபியில் ஒரு மாடி அறையில் அவளையும் இன்னும் சில பெண்களையும் விட்டுவிட்டு, “படம் மாத்த வேணும், பாஸ்போர்ட்டைத் தாங்கோ, பின்னேரம் கொண்டுவாறன்” என்று வாங்கிப் போனான். பல மாதம் அந்தப் பின்னேரம் வரவில்லை. அவன் இடைக்கிடை வந்து சோறு தந்துவிட்டுப் போவான். கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்பான். அவள் ஜன்னலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு வேறொருவன் வேறொரு புத்தகத்தோடு வந்து கூட்டி வந்தான். இப்போதும் சில இரவுகளில் நித்திரையில் எழும்பி உட்காருவாள்; அந்தப் பழக்கம் அந்த அறையிலிருந்து வந்தது.

அப்படிப்பட்டவளிடம், முன்பின் தெரியாத மீசைக்காரர் ஒருவர் புத்தகத்தைத் தா என்கிறார்.

“விடும் ரஞ்சி, கார் வேண்டாம். பஸ்ஸில போவம்” என்றேன்.

அவள் என் கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தாள். என் ஆசை அவளுக்குத் தெரியும். சட்டைக்குள் கையை விட்டுப் பையை எடுத்து, நீலப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். “இவர் இதை எங்க வைப்பார் எண்டு மட்டும் கேளுங்கோ” என்றாள்.

சல்வதோர் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே ஒட்டும் டேப், பாதி தின்ற பிஸ்கற் பெட்டி, பழைய பற்றரிகள், ஒரு தக்காளி. எல்லாவற்றுக்கும் மேல் புத்தகத்தைப் போட்டு லாச்சியை முழங்காலால் தள்ளி மூடினார்.

“பூட்டு இல்லை” என்று ரஞ்சி தமிழில் சொன்னாள். யாருக்குச் சொன்னாளோ.

கார் வெள்ளை. நாலு சக்கரம் உள்ள பிஸ்கற் பெட்டி என்று சொல்லலாம். ரஞ்சி கடைக்கு முன்னால் நின்ற மரத்தடியில் விழுந்து கிடந்த எலுமிச்சைகளைப் பொறுக்கி வந்து சக்கரங்களின் கீழ் வைத்தாள்.

“வாடகைக் காருக்கும் தேசிக்காய் வைக்கிறவையே?” என்றேன்.

“ஓடப் போறது நாங்கள்தானே.”

ஊர்த் தேசிக்காயைச் சில்லின் கீழ் வைத்தால் கார் சும்மா நசுக்கிக்கொண்டு போகும். ஸ்பெயின் எலுமிச்சை மாங்காய் அளவு. நான் காலை அழுத்த, கார் ஏறமாட்டேன் என்று முக்கியது. இன்னும் அழுத்த, ஒரு எலுமிச்சை வழுக்கிப் பாய்ந்து கடை வாசலில் நின்ற சல்வதோரின் காலடியில் போய் உருண்டது. அவர் அதை எடுத்துத் துடைத்து, மிகுந்த மரியாதையோடு எங்களிடம் கொண்டுவந்து தந்தார். நாங்கள் மறந்துபோய் விட்டதாக நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கார் ஓட்டுதல் என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங் இடப்பக்கம், தெருவில் போவது வலப்பக்கம். கியர் மாற்ற என் இடது கை தானாகப் போய்க் கதவில் முட்டியது. ஒவ்வொரு சந்தியிலும் ரஞ்சி, “வலம், வலம்” என்று சத்தம் வைத்தாள். மனோர் பார்க்கிலிருந்து கோயிலுக்கும் கடைக்கும் ஓடிப் பழகிய எனக்கு, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலும் இருந்த அந்தத் தெருவில் கை வியர்த்து வழிந்தது. அடுத்த ஊர்ப் பலகை தெரியத் தொடங்கிய இடத்தில் ரஞ்சி சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, ஒருக்காத் திரும்பிப் போய்க் கடையைப் பாத்திட்டு வருவமே?”

திரும்பினோம். கடை திறந்திருந்தது. சல்வதோர் மேசையில் இருந்தார். நாங்கள் காரை மெதுவாக்கிக் கடந்து போனோம். அவர் கையை ஆட்டினார். மறுபடி புறப்பட்டோம். மறுபடி அதே இடம், மறுபடி அதே கேள்வி. மத்தியானம் நாங்கள் வந்து பார்த்தபோது கதவில் இரும்புத் தகடு இறக்கப்பட்டிருந்தது.

“போயிட்டான்” என்றாள் ரஞ்சி.

நான் காரைத் தெரு நடுவிலேயே விட்டுவிட்டு இறங்கி எதிரில் இருந்த மதுக்கடைக்கு ஓடினேன். அங்கே நின்றவர் கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாராம், பின்னேரம் திறப்பாராம். ஒரு ஊரே பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கும் என்பதை நம்ப எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. லண்டனில் எங்கள் ஆட்களின் கடைகள் நத்தார்ப் பெருநாளுக்கே பூட்டுவதில்லை. பின்னேரம் தகடு உயரும்வரை காருக்குள்ளேயே இருந்தோம். ரஞ்சி அந்தத் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த நாளும் அப்படியே போனது. காரை எடுத்தது மலைக்கு மேலே போக, தூரத்துக் கடல்முனைகளைப் பார்க்க. நாங்கள் பார்த்ததெல்லாம் சல்வதோரின் கடையை. காலையில் ஒரு சுற்று, தேநீருக்குப் பிறகு ஒரு சுற்று, தூக்க நேரத்தில் ஒரு சுற்று. அவரும் சலிக்காமல் கையசைத்தார். எங்களுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் தன் கடை என்று எண்ணினாரோ என்னவோ.

ஒரே ஒரு ஆறுதல், கடற்கரையில் சாப்பிட்ட மீன். பழைய படகொன்றில் மணலை நிரப்பி, அதில் விறகை எரித்து, மூங்கில் போன்ற தடியில் மீன்களைக் கோர்த்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் சூடை மீன். உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ரஞ்சி கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்தாள். பக்கத்து மேசையில் ஒரு கிழவர் தன் கூட்டாளியிடம் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். சைகையைப் பார்த்து நான் விளங்கிக்கொண்டது: “இவர்கள் மீனுக்குச் செங்கல் பொடி போடுகிறார்கள்.” ரஞ்சியும் சிரித்தாள். நான் கமராவைத் தூக்குவதற்குள் முகம் மாறிவிட்டது. “கடை திறந்திருக்குமே?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவளில் இல்லை, பூட்டில்லாத அந்த லாச்சியில்.

அன்றிரவு ரஞ்சி ஒரு முடிவோடு வந்தாள். “நாளைக்கு நீங்கள் தனியப் போய்ப் பாத்திட்டு வாங்கோ. நான் அந்தக் கடைக்கு முன்னால இருக்கிற வாங்கில இருக்கிறன்.”

“விசரே உமக்கு? நாள் முழுக்க வெயிலில இருந்து என்ன செய்யப் போறீர்?”

“பாத்துக்கொண்டு இருப்பன். ஒராள் பாத்தாத்தானே மற்ற ஆள் நிம்மதியா ஓடலாம்.”

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றேன். அதற்கும் மறுத்தாள். நான் கார் ஓட்ட வேண்டும், அவள் லாச்சியைக் காவல் காக்க வேண்டும், அதுதான் அவள் கணக்கு. காலையில் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகப் போய் எலுமிச்சை மரத்தடி வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். நான் காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது, பஸ் வராத தரிப்பிடத்தில் காத்திருக்கும் ஆளைப் போல இருந்தாள்.

தனியாகப் போன அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடல் கீழே பளபளத்தது. மலைகள் கடலுக்குள் இறங்கின. பக்கத்து இருக்கையில் “வலம், வலம்” என்று சொல்ல ஆள் இல்லாதபடியால் இரண்டு தடவை இடப்பக்கம் போய் லொறிக்காரர்களிடம் திட்டு வாங்கினேன். ஒரு வளைவு திரும்பியதும் தூரத்தில் பச்சைச் சீருடை. தெருவோரம் ஒரு வண்டி, இரண்டு பொலிஸ்காரர், தோளில் துப்பாக்கி. ஒருவன் என்னைப் பார்த்துக் கையை அசைத்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் கால்கள் செய்தன. காரை நிறுத்தினேன், எஞ்சினை அணைத்தேன், திறப்பை அதிலேயே விட்டேன். கடவுச்சீட்டை வலது கையில் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கி, தெருவின் ஓரமாக, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் அவர்களை நோக்கி நடந்தேன். ஊரில் நாங்கள் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியை, சென்ரிப் பொயின்றை, கடந்தது அப்படித்தான். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டும், ஓடக்கூடாது, நிற்கக்கூடாது, பையைத் தொடக்கூடாது. அது நடந்து எத்தனையோ வருடம். லண்டனில் எத்தனை பொலிஸ்காரரைக் கடந்து வேலைக்குப் போயிருப்பேன். அந்தத் துப்பாக்கியும் அந்த வளைவும் அந்த வெயிலும் ஒன்றாக வந்ததும் உடம்பு பழைய பாடத்தை ஒப்புவித்துவிட்டது.

எனக்குப் பின்னால் கார்கள் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்தன. பொலிஸ்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் கையை அசைத்தது ‘போ, போ’ என்று. நான் ‘வா’ என்று எடுத்துவிட்டேன்.

“கார் பழுதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“இல்லை.”

“உடம்புக்கு ஏதாவதா?”

“இல்லை.”

“அப்படியென்றால் ஏன் இறங்கினீர்கள்?”

கடவுச்சீட்டை நீட்டியபடி நின்றேன். அவன் அதை வாங்கவில்லை. துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக் காருக்கு நடத்திக்கொண்டு வந்து, கதவைத் திறந்து இருத்தினான். பின்னால் நின்ற காரிலிருந்து தலையை நீட்டிய ஒருவன், என் கையிலிருந்த கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு ஏதோ கத்தினான். அதில் எனக்கு விளங்கியது ஒரு சொல்தான்: இங்க்லேஸ். இந்த ஆங்கிலேயர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று திட்டுகிறான். இத்தனை வருடம் லண்டனில் இருந்தும் என்னை ஒருவரும் ஆங்கிலேயன் என்று திட்டியதில்லை. பயத்துக்குள்ளும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அழுகை வந்தது. கொஞ்சத் தூரம் போய்க் காரை ஓரம் கட்டிவிட்டு இருந்தேன். ரஞ்சியின் பயத்தை அவளுடைய பயம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நான் அதைத் தாண்டி வந்துவிட்டவன், அவளுக்குப் படம் எடுத்துக் கொடுத்துக் குணப்படுத்தப் போகிறவன் என்று ஒரு எண்ணம். அந்த வளைவில் அது தண்ணீராகப் போய்விட்டது. முனையும் வேண்டாம், மலையும் வேண்டாம் என்று காரைத் திருப்பினேன்.

நெர்ஹாவுக்கு வந்தபோது தூக்க நேரம். கடைத் தகடு இறங்கியிருந்தது. அது எனக்குப் புதிதல்ல. ஆனால் வாங்கு வெறுமையாக இருந்தது. குடை மட்டும் மரத்தில் சாய்ந்து நின்றது. தண்ணீர்ப் போத்தல் வாங்கின் கீழ் உருண்டு கிடந்தது.

“ரஞ்சி!” என்று கூப்பிட்டேன். தெருவில் ஒரு குருவிகூட இல்லை. மதுக்கடை பூட்டு. யோகம் அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது: ஏதும் நடந்தா ஆரிட்டப் போவியள்? மொழி தெரியாது, கையில் புத்தகம் இல்லை, அவளை யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. நான் ஓடிப்போய் இரும்புத் தகட்டை இரண்டு கையாலும் அடித்தேன். சல்வதோரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

தலைக்கு மேலே பல்கனிக் கதவு திறந்தது. செம்பருத்திச் சாடிகளுக்கு நடுவில் ரஞ்சியின் முகம். கையில் ஒரு கத்தி. அதில் மீன் செதில்.

“ஏனப்பா தட்டுறியள்? ஆக்கள் நித்திரை. படியால மேல வாங்கோ.”

கடைக்கு மேலே சல்வதோரின் வீடு. வெயிலில் இருந்தவளை வீட்டுக்காரி வந்து மேலே கூட்டிப் போயிருக்கிறார். சமையலறையில் அவருடைய மனைவி என்கார்னா, குள்ளமான, சத்தமான பெண், ரஞ்சிக்குப் பக்கத்தில் நின்று சூடை மீனை மாவில் புரட்டிக்கொண்டிருந்தார். மேசையில் ரஞ்சியின் மிளகாய்த்தூள் பொட்டலம் திறந்து கிடந்தது. என்கார்னா ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணீர் மல்க, ஸ்பானிய மொழியில் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். ரஞ்சி தமிழில், “ஓம், கொஞ்சமாத்தான் போட வேணும்” என்று பதில் சொன்னாள். இருவருக்கும் ஒரு தடங்கலும் இல்லை. சல்வதோர் உள்ளே எங்கோ குறட்டை விட்டார்.

நான் ஒரு கதிரையில் விழுந்தேன். “புத்தகம்?” என்றேன்.

“லாச்சிக்குள்ள இருக்கு.”

“பாத்தனீரோ?”

ரஞ்சி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரில் வந்து இருந்தாள்.

“நீங்கள் போன கையோட அந்த மனிசன் வெளியில வந்து என்னைப் பாத்தார். உள்ளுக்குப் போய்த் திரும்பி வந்தார். தெருவைக் கடந்து வந்து புத்தகத்தை என்ர மடியில வைச்சிட்டு, ஒண்டும் சொல்லாமப் போயிட்டார்.”

“அப்ப உம்மட்டயே இருக்கு?”

“இல்லை. கொஞ்ச நேரம் கையில வைச்சிருந்தன். பிறகு நானே கொண்டுபோய் லாச்சிக்குள்ள வைச்சனான்.”

எனக்கு விளங்கவில்லை. “ஏன்?”

அவள் மேசையில் சிந்தியிருந்த மாவை விரலால் ஒதுக்கினாள்.

“நைரோபியில ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஒருக்கா, ஒரே ஒருக்கா என்ர கையில தந்திருந்தா, நம்பி நானே திருப்பிக் குடுத்திருப்பன். இவர் கேக்காமலே தந்திட்டார். அது போதும் எனக்கு. அதோட, கார் எடுத்தா வைக்கத்தானே வேணும்? அதுதானே இவையின்ர முறை.”

தெருவில் நடந்ததை அவளிடம் சொன்னேன். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “ஓம், அப்பிடித்தான் நடப்பம்” என்றாள். ஆங்கிலேயன் என்று திட்டு வாங்கியதைச் சொன்னபோதுதான் சிரித்தாள். என்னவென்று தெரியாமலே என்கார்னாவும் சேர்ந்து சிரித்தார். கமரா காருக்குள் இருந்தது. எடுக்கப் போகவில்லை.

மிச்ச நாட்களில் மலைக்கு மேலே போனோம், முனைக்குப் போனோம், வழி தவறி ஒரு ஆட்டுப்பட்டிக்குள்ளும் போனோம். “வலம், வலம்” மட்டும் குறையவில்லை. ஒரு பின்னேரம் திரும்பி வரும்போது, பழக்க தோஷத்தில் கடைக்கு முன்னால் காரை மெதுவாக்கினேன்.

“ஏன் நிப்பாட்டுறியள்?” என்றாள் ரஞ்சி. நான் கியரை மாற்றினேன். கை இன்னும் கதவில்தான் முட்டியது.

கடைசி நாள் காரைக் கொடுக்கப் போனோம். சல்வதோர் லாச்சியை இழுத்து நீலப் புத்தகத்தை எடுத்தார். அட்டையில் பிஸ்கற் தூள். ஊதித் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். ரஞ்சி திறந்து பார்க்காமல் அதைக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு, அவரையும் என்கார்னாவையும் வெளியே கூப்பிட்டுக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தானே போய்க் கதவில் சாய்ந்துகொண்டு, “எடுங்கோவன்” என்றாள்.

அந்தச் சுருளை லாபில் நானே கழுவினேன். அந்தப் படத்தில் கடல் விழவில்லை, கடை வாசல்தான் பின்னால் நிற்கிறது. என்கார்னா கண்ணை மூடிவிட்டார். ரஞ்சியின் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலால் வரும் வழியில் யோகம் அக்கா வீட்டுக்கு வந்து படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்தப் படத்தில் நின்றுவிட்டார். மீசைக்காரர் மேல் விரலை வைத்தார்.

“இது ஆர்? அங்க உங்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சொன்னியள்?”

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். தேநீர்த் தட்டோடு வந்த ரஞ்சி என்னை முந்திக்கொண்டாள்.

“அப்ப இல்லை அக்கா” என்றாள். “இப்ப இருக்கினம்.”